மொத்த மார்க்கைப் பார்த்து முடிவு செய்யலாமா?



மே, ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் குழுக்களின் தீர்மான நோட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். "மகளின் படிப்புச் செலவுக்காக உள்கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது." மாடு வாங்கவும் கடைக்குச் சரக்கு எடுக்கவும் கேட்கிற கடன் எல்லாம் அந்த இரண்டு மாதமும் பின்னால் போய்விடும். படிப்புக்குக் கேட்டால் நாமும் கேள்வி கேட்பதில்லை. கேட்பது பாவம் என்றுகூட நினைக்கிறோம்.

அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு கடனைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கெலமங்கலம் பக்கத்தில் உள்ள ஒரு குழுவின் உறுப்பினர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மகள் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். பிளஸ் டூவில் 600-க்கு 412. பக்கத்து வீட்டுப் பெண் 500-க்கு மேல் எடுத்திருந்தாள். "நம்ம பிள்ளை 412-தானே, இதுக்கு கவுன்சிலிங்ல எங்க சீட் கிடைக்கப் போகுது" என்று அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் வீடு தேடி வந்தார். "மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரே ஒரு சீட் இருக்கு, இன்னைக்கே முன்பணம் கட்டணும்" என்றார். குழுவில் 40,000 ரூபாய் கடன் எடுத்துக் கட்டிவிட்டார். மீதிக்கு வெளியே வட்டி. மூன்று வருடம் ஆகியும் அந்தக் கடன் தீரவில்லை.

அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டதில் நாங்களும் உண்டு. எங்களில் ஒருத்தரும் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் வேறு வேலையாக அதைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. தமிழ் 54, ஆங்கிலம் 52, கணக்கு 89, இயற்பியல் 74, வேதியியல் 70, கம்ப்யூட்டர் 73. கூட்டிப் பாருங்கள், 412 வரும். ஆனால் பி.இ. சேர்க்கைக்கு இந்த 412-ஐ யாரும் கேட்பதே இல்லை. அங்கே கேட்பது வேறு ஒரு எண். அந்த எண்ணில் இந்தப் பெண் அவ்வளவு பின்தங்கியவள் இல்லை.

கட்-ஆஃப் என்றால் என்ன?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு மூன்று பாடத்தை மட்டும்தான் எடுக்கிறார்கள். கணக்கு மார்க்கை முழுசாக 100-க்கு எடுப்பார்கள். இயற்பியலைப் பாதியாக்கி 50-க்கு, வேதியியலையும் பாதியாக்கி 50-க்கு. மூன்றையும் கூட்டினால் 200-க்கு ஒரு எண். அதுதான் கட்-ஆஃப். மேலே சொன்ன பெண்ணுக்குக் கணக்கு 89, இயற்பியலில் பாதி 37, வேதியியலில் பாதி 35. மொத்தம் 161. தமிழும் ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் இந்தக் கணக்கில் வரவே வராது. பாஸ் ஆகியிருந்தால் போதும்.

ஓசூர், தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கிற அம்மாக்களுக்கு இது முக்கியம். நம் வீடுகளில் தெலுங்கு, கன்னடம், உருது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் 55, 60 வருவது சகஜம். அந்த மார்க் மொத்தத்தைக் கீழே இழுக்கும். கட்-ஆஃபை அது தொடாது.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். அக்கா மகள், தங்கச்சி மகள் என்று இரண்டு பெண்களை வைத்துக்கொள்வோம். இரண்டு பேருமே 600-க்கு 480. தெருவில் எல்லோரும் "ரெண்டும் சமம்" என்பார்கள்.

அக்கா மகள்: தமிழ் 86, ஆங்கிலம் 80, கணக்கு 62, இயற்பியல் 72, வேதியியல் 86, உயிரியல் 94.

தங்கச்சி மகள்: தமிழ் 70, ஆங்கிலம் 66, கணக்கு 96, இயற்பியல் 90, வேதியியல் 84, உயிரியல் 74.

பொறியியலுக்கு அக்கா மகளின் கட்-ஆஃப் 141. தங்கச்சி மகளுக்கு 183. ஒரே 480-தான், 42 மார்க் வித்தியாசம். அவ்வளவு தூரத்துக்கு நடுவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்பார்கள்.

உடனே அக்கா மகளை "மக்கு" என்று சொல்லிவிடாதீங்க. கால்நடை மருத்துவப் படிப்புக்கு அதே மார்க் ஷீட்டை எடுத்துப் போங்கள். அங்கே உயிரியல் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50. இப்போது அக்கா மகளுக்கு 173, தங்கச்சி மகளுக்கு 161. வரிசை தலைகீழாகிவிட்டது! நம் மாநிலத்தின் இடங்களுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை போடுகிறது. (அகில இந்திய ஒதுக்கீட்டில் போகும் 15 சதவீத இடத்துக்கு மட்டும் நீட் மதிப்பெண்.) கால்நடை மருத்துவத்துக்குப் போட்டி கடுமை, 173 போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எந்த வரிசையில் போய் நிற்பது என்று தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும். அதே பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி, மேலாண்மைக் கல்லூரி நம் ஓசூர் மத்திகிரியிலேயே இருக்கிறது. மாடும் கோழியும் வளர்க்கிற நம் உறுப்பினர்களிலேயே பல பேருக்கு அது தெரியவில்லை.

அரசுக் கலைக் கல்லூரியில் கணக்கு மறுபடியும் மாறும். பி.ஏ. தமிழ் சேர வேண்டுமென்றால் தமிழ் மார்க்கைத்தான் பார்ப்பார்கள். பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலம். மற்ற படிப்புகளுக்கு இரண்டு மொழியையும் விட்டுவிட்டு நான்கு பாடத்தை 400-க்கு எடுப்பார்கள். அக்கா மகளுக்கு அது 314, தங்கச்சி மகளுக்கு 344. தமிழ் இலக்கியம் படித்து டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை உள்ள பெண்ணுக்குக் கணக்கில் 40 வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. "சயின்ஸ் குரூப் எடுத்துட்டு தமிழ் படிக்கிறதா" என்று மாமா, சித்தப்பா பேசுவார்கள், பேசட்டும்.

ஆக, பிள்ளையின் மார்க் ஒரு பாடத்தில் மேலே, ஒரு பாடத்தில் கீழே என்று இருந்தால் அதை மொத்தமாகக் கூட்டி எடை போடக் கூடாது. எந்தப் படிப்பு எந்தப் பாடத்தை எடை போடுகிறது என்று முதலில் கேட்கணும்.

பரீட்சை மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும்

நம்மில் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும், நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. 1984-ல் வந்தது. அப்போது பிளஸ் டூ மார்க்கை 200-க்கும் நுழைவுத் தேர்வை 100-க்கும் எடுத்து 300-க்கு ரேங்க் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய கிராமத்துப் பெண், சேலத்திலோ தருமபுரியிலோ தங்கி கோச்சிங் போக வழியில்லாமல், அந்த 100-ல் தோற்றுப்போன கதை அன்றைக்கு ஊருக்கு ஊர் உண்டு. 2006-ல் சட்டம் இயற்றி, 2007 சேர்க்கையிலிருந்து தமிழக அரசு அதை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மார்க் ஒன்றுதான்.

ஆனால் எல்லை தாண்டினால் நிலைமை வேறு. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் பொறியியலுக்கு இன்றும் சி.இ.டி. தேர்வு உண்டு. அங்கே பி.யு.சி. மார்க் பாதி, தேர்வு மார்க் பாதி. பரீட்சையில் 90 சதவீதம் எடுத்து சி.இ.டி.யில் 40 சதவீதம் எடுத்தால், இரண்டும் சேர்ந்து 65-க்கு இறங்கிவிடும். பரீட்சையில் 70-தான், ஆனால் தேர்வில் 70 என்றால் அந்தப் பிள்ளை முன்னால் போய்விடும். இன்னொன்றும் கவனிக்கணும். அந்த மாநிலத்தின் அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க, பொதுவாக அங்கே குறைந்தது 7 வருடம் படித்திருக்க வேண்டும். "பெங்களூரு பக்கம்தானே இருக்கு, அங்கேயும் ஒரு சீட் பார்க்கலாம்" என்று நாம் சுலபமாகப் பேசுகிறோம். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், சீட்டு அப்படிக் கிடைக்காது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே திறந்திருப்பது பெரும்பாலும் பணம் கட்டிச் சேருகிற வாசல்தான்.

எம்.பி.பி.எஸ். வேறு மாதிரி. அதற்கு பிளஸ் டூ மார்க் ஒரு கதவு மட்டும்தான். இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், நம் இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் கதவு திறக்கும். உள்ளே போனபிறகு 720-க்கு எடுத்த நீட் மதிப்பெண்தான் பேசும். 600-க்கு 590 எடுத்த பெண்ணும் 450 எடுத்த பெண்ணும் நீட்டில் ஒரே மார்க் என்றால் பிளஸ் டூ மொத்தம் அவளைத் தூக்கிவிடாது. நீட்டில் பாதி எடை உயிரியலுக்கு, 360. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180, 180. தப்பாக எழுதினால் ஒரு மார்க் குறையும். நம் அரசுப் பள்ளிப் பெண்கள் பெரும்பாலும் தடுமாறுவது இயற்பியலில் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு ஜே.இ.இ. தேர்வு. அங்கே ரேங்க் வந்தாலும் பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) அல்லது தன் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தேர்வை நம்பி பள்ளிப் பரீட்சையை விட்டுவிட்ட பிள்ளைகள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நீட் எழுதிய வீட்டில் நடக்கிற ஒரு தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். "டாக்டர்தான், இல்லேன்னா வேற எதுவும் வேண்டாம்" என்று மற்ற விண்ணப்பம் எதையும் போடாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீட் ரிசல்ட் வந்து மனசு உடைந்து நிற்கும்போது கால்நடை, வேளாண்மை, கலைக் கல்லூரி எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி போயிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி இணையதளம். ஒன்றில் போட்டால் இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. பல விண்ணப்பம் போடுவது பேராசை இல்லை.

வாய்ப்பு இருக்கா இல்லையா, எப்படிப் பார்ப்பது?

கட்-ஆஃப் எண் தெரிந்துவிட்டது. இனிமேல் "161-க்கு என்ன கிடைக்கும்?" என்பதுதான் கேள்வி. இதற்கு நேர் பதில் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று வருகிறவர் அநேகமாகக் கமிஷன் வாங்குகிறவர். ஆனால் ஓரளவு கணிக்க வழி இருக்கிறது.

போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சாதிப் பிரிவினருக்குக் கடைசியாக எந்த கட்-ஆஃபில் இடம் போனது என்ற பட்டியல் பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் இருக்கிறது. ஒரு வருடம் மட்டும் பார்க்காமல் இரண்டு, மூன்று வருடம் சேர்த்துப் பாருங்கள். மார்க்கைவிட ரேங்கை நம்புங்கள். காரணம் எளிது. ஒரு வருடம் கணக்குப் பேப்பர் சுலபமாக வந்தால் எல்லோருக்கும் மார்க் ஏறிவிடும். போன வருட 170-ம் இந்த வருட 170-ம் ஒன்றில்லை. தக்காளி விலை மாதிரிதான். ராயக்கோட்டை மண்டியில் எல்லோர் கூடையும் நிறைந்து வந்தால் நம் கூடைக்கு மதிப்பு குறைகிறதில்லையா? ரேங்க் என்பது நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற எண்ணிக்கை, அதனால் அது அவ்வளவாக ஏமாற்றாது.

ரேங்க் இரண்டு வரும். ஒன்று பொது ரேங்க், இன்னொன்று சாதிப் பிரிவுக்குள் ரேங்க். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி., சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி. அது முற்பட்ட வகுப்பினருக்கு மட்டும் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. ரேங்க் இருந்தால் எந்தப் பிரிவுப் பெண்ணும் அதில் இடம் எடுக்கலாம்.

ஒரே கட்-ஆஃபில் பல பேர் இருந்தால் கணக்கில் அதிகம் எடுத்தவருக்கு முன்னுரிமை, அதுவும் சமம் என்றால் இயற்பியல். கணக்கில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் முழுசாக ஒரு மார்க். அதனால் நன்றாக எழுதினேன் என்று பெண் சொல்லியும் கணக்கு மார்க் மட்டும் திடீரென்று விழுந்திருந்தால், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பது வீண் செலவில்லை. நகல் வாங்கிய பிறகுதான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். நாள் மிகக் குறைவாகக் கொடுப்பார்கள்.

சாய்ஸ் பட்டியல் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசை முக்கியம். கம்ப்யூட்டர் நமக்குத் தெரிந்தபடி, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். "இது கிடைக்காது, எதுக்கு முதலில் போடணும்" என்று கிடைக்கக்கூடியதை மேலே வைத்தால், அதுதான் வரும். பெண்ணுக்கு மிகவும் பிடித்ததை, எட்டாது என்று தோன்றினாலும், மேலே போடுங்கள். அதனால் கீழே உள்ளது கெட்டுப்போகாது. நடுவில் போன வருட ரேங்குக்கு ஒத்துவருகிற கல்லூரிகள். கடைசியில், எப்படியும் கிடைத்துவிடும், கிடைத்தால் சேரவும் மனசு இருக்கு என்கிற சில கல்லூரிகள். கிடைத்தாலும் சேர மாட்டோம் என்பதைப் பட்டியலில் போடவே வேண்டாம்.

நம் மாவட்டத்தில் பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1994-லிருந்து இருக்கிறது. வீட்டுப் பக்கம் அரசுக் கல்லூரி என்றால் அம்மாக்களுக்கு அதுதான் முதல் சாய்ஸ். நியாயம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு சீக்கிரம் நிரம்பும், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிந்தித்தான் நிரம்பும். ஓசூர் சிப்காட்டில் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் 1980-களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற ஊரில், "பெண் பிள்ளைக்கு மெக்கானிக்கலா?" என்று இன்னும் கேட்பது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. காலையில் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் நம் பெண்கள்தானே!

சாய்ஸ் போடும்போது பெண்ணே உட்கார்ந்து போடட்டும். பிரவுசிங் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டு வராதீங்க. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சென்டர்காரர் தனக்கு வேண்டிய கல்லூரியை முதலில் போட்டுவிட்டார், பெண்ணுக்குத் தெரியவே இல்லை. மாவட்டந்தோறும் பொறியியல் சேர்க்கைக்கு அரசு உதவி மையங்கள் இருக்கின்றன. அங்கே விண்ணப்பம் போட இலவசமாக உதவுவார்கள்.

எல்லைப் பக்கத்து வீடுகளுக்குத் தனியாக

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். மார்க் நன்றாக இருந்தும் வாய்ப்பை இழக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் அதிகம். காரணம் மார்க் இல்லை, எங்கே படித்தார்கள் என்பது.

அரசுப் பள்ளியில் 6-லிருந்து 12 வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் முன்னுரிமை இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இந்தப் பிரிவில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் போட்டி போடுவதால், பொதுப் பட்டியலில் எட்டாத இடம் இதில் எட்ட வாய்ப்பு உண்டு. கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தாகிவிட்டது.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். அப்பா ஆனேக்கல், பொம்மசந்திரா பக்கம் கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போகிறார். குடும்பமும் கூடவே போய், பிள்ளை ஏழாவது, எட்டாவது கர்நாடக அரசுப் பள்ளியில் படிக்கிறது. அப்புறம் திரும்பி வந்து பிளஸ் டூ இங்கே. அம்மா கேட்கிறார், "அதுவும் கவர்மென்ட் ஸ்கூல்தானே?" சட்டம் சொல்வது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. நடுவில் இரண்டே வருடம் தனியார் மெட்ரிக் பள்ளியில் போட்டு எடுத்தவர்களுக்கும் இதே கதிதான். (ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது.) ஐந்தாவது முடிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதை இன்றைக்கே யோசிக்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு யோசித்துப் பலனில்லை.

மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் இதே 6 முதல் 12 கணக்கில்தான் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள்.

எட்டாவது முதல் பிளஸ் டூ வரை எல்லாமே தமிழ்நாட்டில் படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. நடுவில் ஒரு வருடம் வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் தாலுகா ஆபீசில் விண்ணப்பித்து நேட்டிவிட்டி சான்று வாங்கணும். சாதிச் சான்றும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும், கர்நாடகத்தில் வாங்கியது இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இது எல்லாம் ரிசல்ட்டுக்கு முன்பே தயாராக இருக்கணும். பொறியியல் விண்ணப்பப் பதிவும் பிளஸ் டூ ரிசல்ட்டும் ஏறக்குறைய ஒரே சமயம் வருகின்றன. அப்போது தாலுகா ஆபீசில் கால் வைக்க இடம் இருக்காது.

அங்கே பி.யு.சி. முடித்துவிட்டு இங்கே கலந்தாய்வுக்கு வருகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் மார்க்கை அப்படியே எடுக்க மாட்டார்கள், சமன்படுத்துவார்கள். இரண்டு போர்டிலும் ஒரு பாடத்தில் வந்த அதிகபட்ச மார்க்கைச் சமமாக வைப்பார்கள். இங்கே இயற்பியலில் அதிகபட்சம் 100, அங்கே 90 என்றால், அங்கே 60 எடுத்த பிள்ளைக்கு 66.67 என்று கணக்கு. அங்கேயும் யாராவது 100 எடுத்திருந்தால் 60 என்பது 60-தான்.

பணம் கட்டுவதற்கு முன்னால்

முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வு மூலம் சேருகிறவர்களுக்கு மட்டும்தான். 7.5 சதவீதமும் அப்படியே. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த நிமிடமே இரண்டும் கைவிட்டுப் போகிறது. கெலமங்கலம் பெண்ணுக்கு நடந்தது இதுதான். 161-க்கு அவளுக்கு நல்ல கல்லூரி நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்காமலே போய்விட்டது என்பதுதான் எங்கள் வருத்தம். அவள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. முதல் பட்டதாரி.

அதனால் முன்பணம் கேட்டு வருகிறவரிடம் "கலந்தாய்வு முடியட்டும்" என்று சொல்லுங்கள். "அதுக்குள்ள சீட் போயிடும்" என்பார். போனால் போகட்டும். சுயநிதிக் கல்லூரிகளில் வருடா வருடம் கலந்தாய்வு முடிந்த பிறகும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. கலைக் கல்லூரியில் முதலில் சேர்ந்துவிட்டு, பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால் மாறலாம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. அசலை ஒப்படைக்கும் முன் ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடத்தில் பெயில் ஆன பெண்ணுக்கும் அந்த வருடம் முடிந்துவிடவில்லை. துணைத் தேர்வு உடனே வருகிறது. அதில் பாஸ் ஆனவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு தனியாக நடக்கிறது. மூன்று பாடத்தில் சராசரி 40 சதவீதம் இருந்தால் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் விண்ணப்பிக்கலாம், பொதுப் பிரிவுக்கு 45. பாலிடெக்னிக் சேர்ந்து டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேருகிற வழியும் இருக்கிறது. கம்பெனி வேன் வந்து நிற்கிறதென்று அந்த வாரமே ஏற்றி அனுப்பிவிடாமல், இந்தத் தேதிகளை ஒரு தடவை பாருங்கள்.

இனிமேல் நம் கூட்டமைப்பில் ஒரு வழக்கம் கொண்டு வந்திருக்கிறோம். படிப்புக்காக உள்கடன் கேட்கிற உறுப்பினர் மார்க் ஷீட் நகலையும், எந்தக் கல்லூரி, எந்த வழியில் சேர்க்கை என்ற விவரத்தையும் கொண்டு வரணும். கடனை மறுப்பதற்காக இல்லை. கூட்டத்திலேயே பெண்ணை வைத்துக்கொண்டு கட்-ஆஃபைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தீர்மானம் எழுதுவோம். வரும் கூட்டத்துக்கு வரும்போது மார்க் ஷீட், சாதிச் சான்று, 6-லிருந்து 12 வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாள் என்று எழுதிய ஒரு தாள், மூன்றையும் எடுத்து வாருங்கள். மகளையும் கூட்டி வாருங்கள், கணக்கை அவளே போடட்டும்.